வேன் வருவதற்குள்: பிள்ளையை இன்று பள்ளிக்கு அனுப்பலாமா?

காலை ஏழு மணி. பிள்ளை எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. நெற்றியைத் தொட்டால் லேசாகச் சூடு. காய்ச்சலா, போர்வைச் சூடா, தெரியவில்லை. அடுப்பில் குக்கர் கத்துகிறது. ஏழே முக்காலுக்கு வேன். ஆபீஸில் இன்றைக்கு லீவு கேட்கவே முடியாது. இந்த நேரத்தில் நாம் எடுக்கும் முடிவு பெரும்பாலும் வேனைப் பார்த்து எடுக்கும் முடிவுதான், பிள்ளையைப் பார்த்து எடுப்பது கிடையாது.

எங்கள் வீட்டில் பெரியவள் நான்காம் வகுப்பு, சின்னவன் யுகேஜி. மனைவி ஆறே முக்கால் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் இருவரையும் கிளப்புவது என் வேலை. இந்த ஜூனில் முதல்முறையாகப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்குகளோடு, முதல் இரண்டு வருடத்தில் நான் செய்த தப்புகளையும் சேர்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில் வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். முதல் வருடத்தில் பத்தைத் தாண்டினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மழை மாதங்களில் ஒரு சளி முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். "என் பிள்ளைக்கு மட்டும் எதிர்ப்பு சக்தியே இல்லையோ" என்று டானிக் வாங்க ஓட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மூக்கொழுகலுக்கும் வீட்டில் வைத்தால் வருடத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கும். அதனால்தான் எங்கே கோடு போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முந்தின இரவே தொடங்குங்கள்

காலையில் முடிவெடுக்காதீர்கள், முந்தின இரவே முக்கால்வாசி எடுத்துவிடுங்கள். எனக்குக் கிடைத்த ஒரே ஞானம் இதுதான். பிள்ளை மாலையிலேயே சோர்ந்து, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, எட்டு மணிக்கே சுருண்டு படுத்தால் அப்போதே தெர்மாமீட்டரை எடுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு, என்ன மருந்து, எத்தனை மி.லி. என்று ஒரு தாளில் எழுதுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். நான் ஒருமுறை "நைட்டு இருந்துச்சு, காலையிலும் இருந்துச்சு சார்" என்று சொல்லி அசடு வழிந்திருக்கிறேன்.

இரவிலேயே பேச வேண்டிய இன்னொன்று, நாளைக்கு லீவு யாருக்கு என்பது. பெரும்பாலான வீடுகளில் இது பேசாமலே அம்மா தலையில் விழுகிறது. நாங்கள் மாற்றி மாற்றி எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். இருவராலும் முடியாத நாளுக்கு மாமியாரைக் கூப்பிடுவோம். அவர் மணப்பாறையிலிருந்து வர வேண்டும், காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்? இரவு ஒன்பதுக்குச் சொன்னால் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார்.

தினக்கூலிக்குப் போகும் பெற்றோருக்கு இது எளிதில்லை. ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் காலை உணவும் சத்துணவும் பள்ளியில்தான். பக்கத்து வீட்டில் ஒருவரோடு முன்கூட்டியே பேசி, என் பிள்ளைக்கு முடியாதபோது நீ பார், உன் பிள்ளைக்கு முடியாதபோது நான் பார்க்கிறேன் என்று ஏற்பாடு செய்துகொள்வது உதவும். ஒரு எச்சரிக்கை: அம்மை மாதிரி ஏதாவது என்றால் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் விடாதீர்கள்.

தெர்மாமீட்டருக்கு முன்னால் பிள்ளையைப் பாருங்கள்

காலையில் ஐந்து நிமிடம் போதும். எழுந்ததும் என்ன செய்கிறது? தம்பியோடு சண்டை போடுகிறதா, பொம்மையைத் தேடுகிறதா, சோபாவில் துவண்டு கிடக்கிறதா? அரை இட்லியாவது உள்ளே போகிறதா? ராத்திரிக்கு அப்புறம் ஒன்றுக்குப் போனதா? முகத்தில் கொஞ்சமாவது களை இருக்கிறதா?

பள்ளி நாள் என்பது பெரியவர்கள் நினைப்பதைவிட நீளம். வேனில் அரை மணி நேரம், வெயிலில் பிரேயர், முதுகில் பை, நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு. இதை இந்தப் பிள்ளை இன்றைக்குத் தாங்குமா என்று கேளுங்கள். தாங்காது என்றால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் வீட்டில் வைக்கலாம். அடுத்த கேள்வி, மிஸ் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு இவனையே கவனிக்க வேண்டி வருமா? மூன்றாவது, இது மற்றவர்களுக்குத் தொற்றுமா? முதல் கேள்விக்கு இல்லை என்றோ, மற்ற இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றோ தோன்றினாலும் அன்றைக்கு வீடுதான். நோயின் பெயர் என்ன என்று தெரியாமலேயே பாதி நாட்களில் முடிவெடுத்துவிடலாம்.

காய்ச்சல் கணக்கு

கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். நூறு, இருநூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் மருந்துக்கடையில் கிடைக்கிறது. பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தால் ஓரங்கட்டிவிடுங்கள், சின்னப் பிள்ளை கடித்து உடைத்தால் பெரிய தலைவலி.

100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், அதற்கு மேல் போனால் காய்ச்சல் என்பது கணக்கு. நாம் பெரும்பாலும் அக்குளில்தான் வைக்கிறோம். அங்கே ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவாகக் காட்டும், அதனால் அக்குளில் 99.5 வந்தாலே காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். டாக்டரிடம் சொல்லும்போது நீங்களாக ஒன்றைக் கூட்டிச் சொல்லாமல், அக்குளில் இவ்வளவு என்று அப்படியே சொல்லுங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு, கை உடம்போடு ஒட்டியிருக்கும்படி, பீப் சத்தம் வரும்வரை வைக்க வேண்டும்.

காய்ச்சல் இருந்தால் பள்ளி கிடையாது. இதில் பேரமே வேண்டாம். திரும்ப அனுப்புவதற்கும் ஒரு கணக்கு உண்டு: மருந்து எதுவும் கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். 'மருந்து கொடுக்காமல்' என்பதுதான் இதில் முக்கியம்.

ஏழு மணி சிரப்

நான் சறுக்கியது இங்கேதான். பெரியவள் யுகேஜி படித்தபோது ஒரு காலை 100.8 இருந்தது. பாரசிட்டமால் சிரப் கொடுத்தேன், அரை மணி நேரத்தில் பிள்ளை தெளிந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வேன் ஏறினாள். நானும் பெருமையாக ஆபீஸ் போனேன். பதினொன்றேகாலுக்குப் பள்ளியிலிருந்து போன். ஸ்னாக்ஸ் நேரத்தில் வாந்தி எடுத்து, உடம்பு கணகணவென்று கொதிக்க, மிஸ்ஸின் மடியில் படுத்திருக்கிறாள். நான் போய்ச் சேர மேலும் ஒரு மணி நேரம் ஆனது. காலையில் சிரப் கொடுத்தீர்களா என்று மிஸ் கேட்டபோது இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை, ஆமாம் என்றேன்.

பாரசிட்டமால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான் வேலை செய்யும். ஏழு மணிக்குக் கொடுத்தால் பதினொன்றுக்கு இறங்கத் தொடங்கும். அது சூட்டைத்தான் குறைக்கிறது. கிருமி இருக்கும், தொற்றும் இருக்கும். இப்படி 'மருந்து போட்டு அனுப்புவது' எல்லோரும் செய்வதுதான், எந்த வகுப்பு மிஸ்ஸைக் கேட்டாலும் தெரியும். சிரப் கொடுக்க வேண்டிய நிலை வந்தாலே அன்றைக்குப் பள்ளி இல்லை என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இருக்காது.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாரசிட்டமால் அளவு வயதுக்கு இல்லை, எடைக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு வேளை 15 மி.கி. வரை. 16 கிலோ பிள்ளைக்கு 240 மி.கி. இது எத்தனை மி.லி. என்பது பாட்டிலைப் பொறுத்தது. 5 மி.லி.யில் 120 மி.கி. இருக்கும் சிரப்பும் கடையில் உண்டு, 250 மி.கி. இருக்கும் சிரப்பும் உண்டு. முதலாவதில் 10 மி.லி. தேவை, இரண்டாவதில் 5 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவு. "எப்பவும் பத்து மி.லி. குடுப்போம்" என்று பாட்டிலைப் பார்க்காமல் ஊற்றினால் இரட்டிப்பு அளவு போய்விடும். நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. பெரியவர்களுக்கான ஆஸ்பிரின் எந்தக் காரணத்துக்கும் பிள்ளைக்கு வேண்டாம். டெங்கு பரவும் காலத்தில் இபுப்ரொஃபென், மெஃபனமிக் அமிலம் சேர்ந்த காய்ச்சல் மருந்துகளையும் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

சளி, இருமல்: பெரும்பாலும் அனுப்பலாம்

காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறது, விளையாடுகிறது, மூக்கு மட்டும் ஒழுகுகிறது என்றால் அனுப்புங்கள். இரண்டு கர்ச்சீப் கூடுதலாக வையுங்கள், முழங்கையை மடித்து அதில் தும்மப் பழக்குங்கள். சளி பச்சையாக, மஞ்சளாக மாறினால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண வைரஸ் சளியும் மூன்று நான்கு நாளில் அப்படித்தான் நிறம் மாறும்.

இருமல் வேறு கணக்கு. சளி போன பிறகும் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு இருமும். அதற்காக மூன்று வாரம் வீட்டில் வைக்க முடியாது. ஆனால் இரவில் தூங்க விடாத இருமல், இருமி இருமி வாந்தி, மூச்சில் விசில் சத்தம், தொடர்ந்து இருமி முடித்து 'ஹூப்' என்று மூச்சிழுக்கும் கக்குவான் மாதிரியான இருமல் என்றால் டாக்டரிடம் போங்கள். இழுப்பு இருக்கும் பிள்ளையானால் இன்ஹேலர் எங்கே இருக்கிறது, எப்படி எடுக்க வேண்டும் என்பது மிஸ்ஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இருமல் சிரப்பை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் தயாரானது. அதன் பிறகு மத்திய அரசு, இரண்டு வயதுக்குக் கீழே இருமல் மருந்தே வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாக வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நச்சு இல்லாத நல்ல சிரப் கூடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய பலன் தருவதில்லை. ஒரு வயதைத் தாண்டியிருந்தால் இரவில் ஒரு ஸ்பூன் தேன், வெதுவெதுப்பான தண்ணீர், அது போதும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு

வேனில் வந்த வாந்தியையோ, பால் குடித்ததும் கக்கியதையோ கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வாந்தி, அல்லது வயிற்றால் போகிறது என்றால் வீடு. கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் காத்திருந்து அனுப்புவது நல்லது. பள்ளிக் கழிப்பறையில் சோப்பு இருக்குமா, எல்கேஜிப் பிள்ளை சரியாகக் கழுவுமா என்று யோசித்தால் இந்த 48 மணி நேரம் ஏன் என்று புரியும்.

ஓ.ஆர்.எஸ். கரைப்பதில் தப்பு நடக்கிறது. பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண்ணளவில் போட்டால் உப்பு கூடிவிடும், அது ஆபத்து. 200 மி.லி. சின்னப் பாக்கெட்டும் உண்டு, பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வரும் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அவற்றில் சர்க்கரை மிக அதிகம். அந்தப் பெயரை அவற்றில் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள் தருவார்கள். வயிறு சரியானதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடாமல் முழுவதும் கொடுங்கள்.

அம்மை முதல் பேன் வரை

சின்னம்மை வந்தால் நம் வீடுகளில் வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையை வெளியே விடமாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த வழக்கம் மருத்துவக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும், அதற்கு ஐந்திலிருந்து ஏழு நாள், சிலருக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். தண்ணீர் ஊற்றிய நாளை மட்டும் பார்க்காமல், புதுக் கொப்புளம் எதுவும் இல்லை, பழையது எல்லாம் காய்ந்துவிட்டது என்று முதுகு, தலை எல்லாம் பார்த்துவிட்டு அனுப்புங்கள். சிக்கல் என்னவென்றால் கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். அதனால் மிஸ்ஸிடம் உடனே சொல்லிவிடுங்கள், வகுப்பில் யாராவது கர்ப்பிணியாக இருக்கலாம். 'அம்மா வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது' என்பதை மட்டும் ஏற்காதீர்கள். காய்ச்சல் நீடித்தாலோ பிள்ளை மயங்கினாலோ ஆத்தாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பொன்னுக்கு வீங்கிக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள், போடட்டும். வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள் பள்ளி வேண்டாம். அரசு அட்டவணையில் போடும் எம்.ஆர். தடுப்பூசியில் தட்டம்மையும் ரூபெல்லாவும்தான் உண்டு, பொன்னுக்கு வீங்கி கிடையாது. "தடுப்பூசி எல்லாம் போட்டாச்சே, எப்படி வந்தது" என்று பலர் கேட்பதற்குக் காரணம் இது. தட்டம்மை என்றால் தடிப்பு வந்ததிலிருந்து நான்கு நாள்.

மெட்ராஸ் ஐ வந்த பிள்ளையைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்புகிறார்கள். பார்வையால் ஒட்டாது, கையால்தான் ஒட்டும். கண்ணைத் தேய்த்த கை, பெஞ்சு, துண்டு, தலையணை. நீர் வடிவதும் பீளை கட்டுவதும் நிற்கும் வரை வீட்டில் வைத்து, துண்டைத் தனியாக்குங்கள். போன வருடம் வாங்கிய சொட்டு மருந்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து விடாதீர்கள். தாய்ப்பாலும் வேண்டாம்.

கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோயை இங்கே 'தக்காளிக் காய்ச்சல்' என்று செய்திகளில் பயமுறுத்தினார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகும். காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறி, கொப்புளங்கள் காய்ந்த பிறகு அனுப்பலாம். சிரங்கு என்றால் முதல்முறை மருந்து தடவி முடித்த மறுநாள் அனுப்பலாம், ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும். பேனுக்கு லீவே தேவையில்லை. சீப்பும் பொறுமையும் போதும்.

மழைக்காலத்துக் காய்ச்சல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையோடு டெங்குவும் வரும். மேலே சொன்ன 24 மணி நேரக் கணக்கு இதில் மட்டும் நம்மை ஏமாற்றிவிடும். டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது, பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். மூன்று நாள் கொதித்த பிள்ளைக்கு நாலாம் நாள் உடம்பு குளிர்கிறது. அப்பாடா என்று பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். அன்றைக்குத்தான் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டும் பிள்ளை தெளியவில்லை, வயிறு வலிக்கிறது என்கிறது, திரும்பத் திரும்ப வாந்தி, கை கால் சில்லிட்டிருக்கிறது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மலம் கறுப்பாகப் போகிறது, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை: இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் டெங்கு பரிசோதனை இலவசம். நிலவேம்புக் கஷாயம் கொடுப்பவர்கள் கொடுங்கள், ஆனால் கொடுத்துவிட்டோம் என்று கவனிப்பதை விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் மூன்று நாளைத் தொட்டால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் நான் விடுவதில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருப்பேன்.

நேரம் பார்க்காமல் ஓட வேண்டியவை

மூச்சு வாங்குகிறது என்று தோன்றினால் சட்டையைக் கழற்றி, பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ காத்திருக்கக் கூடாது. எழுப்பினாலும் எழாத மயக்கம், கழுத்தை அசைக்க முடியாத தலைவலி, அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள், தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கி நிற்கும் வயிற்று வலி, இவையும் அப்படியே. காய்ச்சலில் பிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ எதுவும் வேண்டாம், கையில் சாவி கொடுப்பதும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரம் இல்லை, ஆனால் சந்தேகம் என்றால் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

திங்கட்கிழமை வயிற்று வலி

ஞாயிறு முழுக்க ஓடியாடிய பிள்ளைக்குத் திங்கள் காலை ஏழரைக்கு வயிறு வலிக்கும், வேன் போனதும் சரியாகிவிடும். நடிப்பு என்று அதட்டுவதற்கு முன் யோசியுங்கள், பதற்றத்தில் வயிறு உண்மையிலேயே வலிக்கும். எங்கள் சின்னவனுக்கு இது இரண்டு வாரம் நடந்தது. கடைசியில் தெரிந்தது, பள்ளிக் கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கிறான். மலம் இறுகி வலிக்கிறது. மிஸ்ஸிடம் பேசினோம், காலையில் பதினைந்து நிமிடம் முன்னால் எழுப்பி வீட்டிலேயே போக வைத்தோம், பழமும் தண்ணீரும் கூட்டினோம். காய்ச்சல், வாந்தி எதுவும் இல்லாத வலி என்றால் அனுப்பிவிட்டு, மாலையில் உட்கார்ந்து பேசுங்கள். வேனில் பக்கத்தில் யார், மதியம் யாரோடு சாப்பிடுகிறாய், எந்த மிஸ்ஸைப் பிடிக்கவில்லை என்று சுற்றி வளைத்துக் கேட்டால் வந்துவிடும். ஆனால் வலியில் ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்தால் அது பள்ளிக்கூட வலி இல்லை.

பள்ளிக்குச் சொல்வது

வேன் அண்ணாவுக்கு ஏழுக்கு முன்னால் ஒரு போன், கிளாஸ் மிஸ்ஸுக்கு ஒரு மெசேஜ், திரும்பிப் போகும்போது லீவ் லெட்டர். மெசேஜில் "உடம்பு சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் என்ன என்று எழுதுங்கள். அம்மை, மெட்ராஸ் ஐ என்று சொன்னால் நம் பிள்ளையால்தான் பரவியது என்பார்களோ என்ற கூச்சம் இருக்கும். அது எந்தப் பிள்ளையிடமிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வகுப்பு குரூப்பில் போட வேண்டாம், மிஸ்ஸுக்குத் தனியாகப் போடுங்கள்.

வருகைப்பதிவுக்குப் பயப்பட வேண்டாம். சி.பி.எஸ்.இ.யின் 75 சதவீதக் கணக்கு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கானது. எல்கேஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நூறு சதவீத வருகை என்று மேடையில் மெடல் கொடுப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். அந்த மெடலுக்காகவே காய்ச்சலோடு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சைக்கிள் டெஸ்ட் தவறினால் மறுபடி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வீட்டில் ஒரு நாள்

தண்ணீர், கஞ்சி, இளநீர், ரசம் சாதம், பிள்ளை கேட்பது எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக. பால் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, வாழைப்பழம் கூடவே கூடாது என்று பாட்டிமார் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். சண்டை போடாமல் நகர்ந்துவிடுங்கள், ஒரு நாள் வாழைப்பழம் சாப்பிடாததால் ஒன்றும் ஆகாது. உடம்பைத் துடைப்பதென்றால் வெதுவெதுப்பான தண்ணீர், ஐஸ் தண்ணீர் வேண்டாம். போர்வை மேல் போர்வை போட்டு மூடவும் வேண்டாம். மதியத்துக்கு மேல் பிள்ளை தெளிந்து குதிக்கத் தொடங்கும். அப்போது டிவி, செல்போன் என்று திருவிழாவாக்கிவிட்டால் மறுநாள் புதிதாக ஒரு வயிற்று வலி வரும். லீவு நாள் கொஞ்சம் சலிப்பாகவே போகட்டும்.

திரும்ப அனுப்பும் நாள்

மருந்தில்லாமல் ஒரு இரவும் ஒரு பகலும் காய்ச்சல் வரவில்லை, இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டது, ராத்திரி தூங்கியது என்றால் அனுப்பலாம். ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் காலை, இரவு என்று இரண்டு வேளை மட்டும் வருகிற மாதிரி எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள், பள்ளிக்கு மருந்து கொடுத்தனுப்பும் தொல்லை இருக்காது. இரண்டு மூன்று நாள் பி.டி. பீரியடில் ஓட விட வேண்டாம் என்று லெட்டரிலேயே ஒரு வரி சேருங்கள்.

அன்றைக்கு போனை சைலன்டில் போடாதீர்கள். பள்ளியில் கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் போய் அழைத்து வரக்கூடியவர் யார் என்று முடிவு செய்து, அவர் எண்ணையும் மிஸ்ஸிடம் கொடுத்து வையுங்கள். டிபன் பாக்ஸில் வழக்கத்தில் பாதி வைத்தால் போதும். அதிலும் பாதி திரும்பி வரும்.